பேசாத பிள்ளையின் பாடம்

திருப்பூரின் அரசுப் பள்ளிகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் படிக்கிறார்கள். முதல் வகுப்பில் அப்படி ஒரு சிறுமி வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் ஆசிரியர் பதற மாட்டார். தமிழ் தெரியாத பிள்ளை, போகப் போகப் பேசிவிடும் என்று காத்திருப்பார். நல்ல மனம்தான். ஆனால் அவளுக்கு ஆட்டிசம் இருந்தால், வீட்டில் போஜ்புரியிலும் அவள் பேசுவதில்லை என்பதை யாரும் விசாரிக்காமலே வருடங்கள் போய்விடும். நேரெதிரான தவறுக்கும் இடமுண்டு. புது மொழிக்கு நடுவே வாயடைத்துப்போன பிள்ளைக்குக் குறைபாடு என்று பெயர் விழலாம். இரண்டையும் பிரித்தறிய அம்மாவிடம் பேசியாக வேண்டும். இந்தியாவில் ஆட்டிசத்தை மதிப்பிடப் பயன்படும் ஐ.எஸ்.ஏ.ஏ. அளவுகோலில் 40 கூறுகள் உண்டு. குழந்தையைப் பார்த்தும் பெற்றோரைக் கேட்டும் நிரப்ப வேண்டியவை அவை. அம்மாவின் மொழி தெரிந்த ஒருவர் அறையில் இல்லையென்றால் அதில் பாதி வெறும் ஊகம்.

சட்டம் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளில் ஆட்டிசத்தையும் சேர்த்திருக்கிறது. வகுப்பில் சேர்த்த பிறகு என்ன கற்பிப்பது என்பதுதான் கேள்வி.

2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பாட்டும் ஆட்டமும் குழுச் செயல்பாடுகளும் நிறைய. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறார்கள். வகுப்பறைக்கு உயிர் கொடுத்த திட்டம் அது. ஆனாலும், முப்பது பிள்ளைகள் சேர்ந்து கைதட்டும் ஓசை தாங்காமல் காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தைக்கு அந்தப் பாட்டு வேதனை. பாட்டின் சொல்லும் புரியாது, அது எப்போது முடியும் என்பதும் தெரியாது. அவளுக்கு முதலில் தேவை, இன்று என்னென்ன எந்த வரிசையில் நடக்கும் என்ற உறுதி.

அதைத்தான் எரிக் ஷாப்லர் பாடமாக்கினார். ஜெர்மனியில் பிறந்து, 1938-ல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குத் தப்பிப் போனவர் அவர். வட கரோலைனாவில் அவர் உருவாக்கிய 'டீச்' முறை 1972-ல் மாநிலத் திட்டமாயிற்று. நாளின் நிகழ்வுகளைப் படங்களாக வரிசைப்படுத்திக் காட்டுவதும், பெற்றோரையும் ஆசிரியர்களாக ஏற்பதும் அதன் இரு தூண்கள். தமிழ் தெரியாத வீட்டுப் பிள்ளைக்கு இவ்விரண்டையும் விடப் பொருத்தமான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. தண்ணீர், வலி, கழிவறை, போதும் ஆகிய நான்கையும் கேட்கக் கற்றுக்கொடுத்துவிட்டு அகரத்துக்கு வரலாம். பள்ளியில் தரும் பொங்கலையும் கிச்சடியையும் தொட மறுத்து ரொட்டி மட்டுமே தின்னும் பிள்ளைக்குச் சாப்பாட்டு வேளையும் ஒரு பாடவேளைதான். அதை அடம் என்று எழுதிவிடக் கூடாது.

வீட்டிலும் தமிழே பேசுங்கள் என்று பெற்றோருக்கு அறிவுரை சொல்வது பெரும் தீங்கு. இருமொழிச் சூழல் ஆட்டிசம் உள்ள குழந்தையின் மொழி வளர்ச்சியைக் கெடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. அம்மா தனக்கு வராத மொழியில் பேச முயன்று பேச்சையே குறைத்துக்கொண்டால்தான் குழந்தைக்கு இழப்பு.

திருவள்ளூர் செங்கல் சூளைகளில் இன்னும் கடினம். ஒடிசாவின் பலாங்கிர், நுவாபடா பகுதிகளிலிருந்து வரும் குடும்பங்கள் மழைக்காலத்துக்கு முன் ஊர் திரும்பிவிடுகின்றன. பாதி ஆண்டு இங்கே, மீதி அங்கே. படவரிசைக்குப் பழகிய பையன் ஊர்ப் பள்ளியில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நாடு முழுதும் செல்லும். குறைபாட்டின் விழுக்காடு அதில் இருக்கும். தாகமெடுத்தால் அவன் எந்தப் படத்தைத் தொடுவான், எந்தச் சத்தத்துக்கு மிரளுவான் என்பது இருக்காது. ஒடியாவிலும் தமிழிலும் இவற்றை எழுதி, அவனுடைய படங்களையும் ஒட்டிய ஒரு நோட்டு அவனோடு பயணப்பட வேண்டும். பாடத்திட்டத்தின் முதல் பகுதியாக அதையே வைக்கலாம். அதை எழுதும் நேரத்தை, பல பள்ளிகளுக்கு அலையும் வட்டார வள மையச் சிறப்புப் பயிற்றுநரின் தலையில் மட்டும் சுமத்தாமல், வகுப்பாசிரியரின் வேலை நேரத்திலும் ஒதுக்கித் தர வேண்டும். சூளை வேலை முடிவதற்குள் எழுதி முடித்து, அப்பா அம்மாவிடம் படித்துக் காட்டிக் கையில் கொடுத்தனுப்ப வேண்டும்.