பாறை நீரும் தீர்த்தமும்

நீரின்றி அபிடேகமில்லை, அபிடேகமின்றி ஆலயக் கிரியையில்லை. பெயரிலேயே கேணியைச் சுமக்கும் பனிச்சங்கேணியின் அடியார்கள் இதனை நன்கறிவர்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக் கிட் கிரீக் சுரங்கத்தில், ஏறத்தாழ 2.4 கிலோமீற்றர் ஆழத்தில் பாறை வெடிப்புகளிலிருந்து கசிந்த நீர் குறைந்தது 150 கோடி ஆண்டுகள் பழைமையானதென 2013இல் விஞ்ஞானிகள் அறிவித்தனர். எத்துணை பழைமையாயினும் அது பருகத்தக்கதன்று. போக்கும் வரவுமின்றிப் பாறையோடு அடைபட்டுக் கிடந்தமையால் கடல்நீரினும் உவர்ப்பேறியது.

கிழக்குக் கரையோர மணலிலோ, மாரிமழையின் நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கின்றது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கிணறுகளை உவராக்கிற்று. பின்வந்த பருவமழைகளே அவ்வுவரைப் படிப்படியாகக் கழுவின. அளவுமீறி இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலெழும்.

மனித வாழ்வும் இவ்வாறே. பூட்டிவைத்த பொருளும், நெஞ்சில் அடைத்துவைத்த பகையும் அப்பாறை நீர்போலக் கைத்துப்போகும். இறைவன் தருவதைப் பெற்று, பிறர்க்கும் ஈந்து வாழும் வாழ்வே தீர்த்தமாகும்.

ஆதலின், கிணற்றை அளவறிந்து இறைத்து, அயலவரோடு பகிர்ந்து, நாளைய பிள்ளைகளுக்கும் நன்னீரை விட்டுவைப்பது சிவத்தொண்டே. அத்தொண்டில் அடியார் யாவரும் இணைவாராக.