காற்பங்கும் எஞ்சிய பாதியும்

பாடம் கேட்டல் செவியின் தொழிலா, நெஞ்சின் தொழிலா என்னும் வினா புதியதன்று. பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் இதற்கு ஒரு கணக்கே வகுத்துள்ளார். ஆசிரியர் உரைத்ததை மாணவன் செவ்வனே ஏற்றாலும் பெறுவது காற்பங்கே. உடன் பயில்வாரோடு பழகிப் பெறுவது மற்றொரு காற்பங்கு. எஞ்சிய பாதி, தான் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே நிறைவுறும்.

இக்கணக்கைப் பொறியியல் வகுப்பறையில் வைத்துப் பார்ப்போம். அங்கு விரிவுரை நேரலையாக ஒளிபரப்பாகிறது, பதிவும் ஆகிறது. பலகையில் எழுதப்படும் சமன்பாட்டை மாணவன் கைப்பேசியால் படம் பிடித்துக்கொள்கிறான். (நம் பள்ளிகளிலும் இப்பழக்கம் எட்டிப் பார்க்கிறது.) இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003-இல் தொடங்கிய 'என்பிடெல்' திட்டத்தின் விரிவுரைகளைத் தெலுக் இந்தானில் இருந்தபடியே கட்டணமின்றிக் கேட்கலாம். தோட்டப்புறப் பிள்ளைகட்குப் பல்கலைக்கழகம் எட்டாக்கனியாய் இருந்த காலத்தை அறிந்த நாம், இதனைச் சிறிதென ஒதுக்க இயலுமா? ஒருமுறை கேட்டதை மறுமுறையும் கேட்டால் பிழை குறையும் என்பதும் நன்னூல் கருத்தேயன்றோ! ஆயினும் 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பிலிருந்தபோது, இணையத் தொடர்புக்காகச் சபா மாணவி ஒருவர் மரத்தின்மேல் ஏறியிருந்து தேர்வெழுத நேர்ந்ததையும் மறத்தற்கில்லை.

குறிப்பெடுத்தல் பற்றி 2014-இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மடிக்கணினியில் தட்டச்சிட்டோர் விரிவுரையாளரின் சொற்களை அப்படியே மிகுதியாகப் பதிந்தனர். கருத்தறி வினாக்களிலோ, கையால் எழுதியோரினும் பின்தங்கினர். பின்னர் அவ்வாய்வைத் திரும்பச் செய்தோர் எல்லார்க்கும் அம்முடிவு கிட்டவில்லை. ஆகவே கருவியைப் பழிப்பது முறையாகாது. எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று எண்ணாமல் எழுதும் கை, பேனா பிடித்தாலென்ன, விசையைத் தட்டினாலென்ன?

என் கவலை வேறு. பதிவு கையில் இருப்பதால் பாடம் தன்னிடம் இருப்பதாக மாணவன் நம்புகிறான். ஒளிபரப்பிவிட்டதால் கடன் தீர்ந்ததென ஆசிரியர் நம்புகிறார். நாளை இம்மாணவன் கட்டும் பாலத்தின்மேல் நடப்பவர்க்கு யார் பொறுப்பு?

1885-இல் எழுந்த நம் ஊர்ச் சாய்ந்த கோபுரத்தையே எடுத்துக்கொள்வோம். அடித்தளம் பற்றிய விரிவுரையைக் கேட்டு முடித்த மாணவனை அதன் முன் நிறுத்தி, மென்மையான மண்ணும் மேலிருந்த தண்ணீர்த் தொட்டியின் பாரமும் அதனை எவ்வாறு சாய்த்தன என்று ஓர் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைக்கு விளக்கச் சொல்ல வேண்டும். எங்கே நா தடுமாறுகிறதோ, அங்கே அவன் அறியாதது வெளிப்படும். விரிவுரையின் இறுதிக் கால் மணி நேரம் ஒளிபரப்பை நிறுத்தி, மாணவர் இருவர் இருவராய் அமர்ந்து அன்றைய பாடத்தை ஒருவர்க்கொருவர் உரைக்குமாறு செய்யலாம். ஆசிரியர் இடையே நடந்து செவிமடுக்கலாம். தொலைவிலிருந்து கேட்பவனும் தன் வீட்டில் ஒரு தம்பியையோ தங்கையையோ தேடிக்கொள்ளட்டும்.