உறைக்குள் இருக்கும் நார்

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் ஸீட்டைப் பிரித்தால் வினைல் உறைக்குக் கீழே மெல்லிய பஞ்சு அடுக்கு, அதற்கும் கீழே ரப்பர் கலந்து இறுக்கிய தேங்காய் நார் மெத்தை, அடியில் கம்பிச் சுருள்கள். கதவைத் திறந்ததும் வருகிற அந்த வண்டிக்கே உரிய வாசனை, பெருமளவு இந்த நாரினுடையது என்று அதில் பழகியவர்கள் சொல்வார்கள். நாற்பது ஐம்பது வருஷங்களில் ரப்பர் உலர்ந்து, நார் பழுப்புத் தூளாகத் தரையில் உதிர்ந்து கிடக்கும். உறை மட்டும் பார்வைக்கு முழுசாகவே இருக்கலாம்.

வண்டியைப் புதுப்பிக்கிறவன் இங்கே ஒரு தீர்மானத்துக்கு வந்தாக வேண்டும். நுரைத் திண்டு வைத்துத் தைத்துவிட்டால் மலிவு, உட்காரச் சுகம், வெளியே ஒருவருக்கும் தெரியாது. நாரைத் தேடிப் போனால் செலவு, காத்திருப்பு, பிறகு என்றாவது மறுபடியும் அதே தூள். ஆனாலும் நாரைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2 கோடியே 10 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட வண்டி இது. 2003இல்தான் மெக்ஸிகோவின் புவெப்லா ஆலையில் கடைசி வண்டி முடிந்தது. அபூர்வம் என்ற நியாயமும் செல்லாது. கண்ணில் படாத ஒரு பொருளுக்காக இவ்வளவு பாடு எதற்கு?

பணம் படைத்தவனின் பித்து என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. 'அசல்', 'போலி' என்ற சொற்களை நம் பத்திரிகைகளில் நாம் எவ்வளவு தாராளமாக ஒருவர்மேல் ஒருவர் வீசியிருக்கிறோம். கையில் பொருளை வைத்துக்கொண்டு அச்சொற்களின் அர்த்தத்தைக் கேட்க நேர்ந்தவர்கள் இவர்கள்.

கேட்கப் போனால் அர்த்தம் சிதறுகிறது. அன்று அதே தொழிற்சாலைக்காகச் செய்யப்பட்டு, யாரும் வாங்காமல் பெட்டியிலேயே கிடந்துவிட்ட உதிரிபாகம் ஒன்று. அது பிறப்பால் அசல். ஆனால் ஒருநாள்கூட வாழாதது. இன்று புதிதாக, பழைய மாதிரியைப் பார்த்துச் செய்தது இன்னொன்று. இடையில் ஒரு விசித்திரமும் உண்டு: 1988இல் இங்கிலாந்தில் எம்ஜிபி காரின் உடற்கூட்டைப் பழைய அச்சுக் கருவிகளைக் கொண்டே மறுபடி அடிக்க ஆரம்பித்தார்கள். கருவி அசல், தகடு புதிது. இதை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது?

என்னை அதிகம் தொந்தரவு செய்வது மூன்றாவது வகை. 1962ஆம் வருஷத்து வண்டிக்கு, உடைக்கப்பட்ட இன்னொரு 1962 வண்டியிலிருந்து ஸீட்டை எடுத்துப் பொருத்துகிறார்கள். நார் அசல், தையல் அசல், தேய்மானமும் அசல்தான். ஆனால் அந்தப் பள்ளம் வேறு யாரோ உட்கார்ந்து ஏற்பட்ட பள்ளம். ஒவ்வொரு துணுக்கும் உண்மையாக இருந்து, மொத்தமும் நடக்காத ஒரு வாழ்க்கையைச் சொல்கிறது. புதுத் தோலை உப்புத்தாளால் தேய்த்து வயதாக்குகிறவனையாவது பொய்யன் என்று சொல்லிவிடலாம். இவனை என்ன சொல்வது? தவிர, இந்த அசலுக்காக ஒரு வண்டி உடைபட்டிருக்கிறது.

தெஸ்யூஸின் கப்பலைப் பற்றிய புளூடார்க்கின் புதிர் எல்லோருக்கும் தெரிந்ததே. 1655இல் ஹாப்ஸ் அதில் ஒரு முள்ளைச் செருகினார்: கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்து வைத்திருந்து இன்னொரு கப்பல் கட்டினால் எது தெஸ்யூஸின் கப்பல்? 1990இல் லண்டன் உயர் நீதிமன்றத்துக்கு இதே கேள்வி காராக வந்து நின்றது. 1929இலும் 1930இலும் லெ மான் பந்தயத்தை வென்ற, 'ஓல்ட் நம்பர் ஒன்' என்ற பெண்ட்லி அது. ஒரு கோடி பவுனுக்குப் பேசிய வியாபாரம் தகராறில் முடிந்திருந்தது. அந்தப் பந்தயங்களில் ஓடிய பாகங்கள் அதில் சொற்பமே மிஞ்சியிருந்தன. நீதிபதி ஆட்டன் தொடர்ச்சியைப் பார்த்தார். வண்டி எந்தக் கட்டத்திலும் ஒரேயடியாக வேறொன்றாகிவிடவில்லை, ஆகவே அந்தப் பெயர் அதற்கே உரியது என்றார்.

தீர்ப்பு விவேகமானது. ஆனால் அது பெயருக்கான தீர்ப்பு. உறையை மூடித் தைக்கப்போகிற கைக்கு அதில் பதில் இல்லை. வண்டி எப்படியும் அதே வண்டிதான், நுரை வைத்தாலும். அப்படியானால் மறைக்கப்படுவது எது? பின்னால் வருகிறவனுக்கு அந்த ஸீட்டு சொல்ல இருந்த தகவல் என்று தோன்றுகிறது. பழைய கட்டடங்களைப் பற்றிய 1964ஆம் வருஷத்து வெனிஸ் சாசனம், விட்டுப்போன பாகத்துக்குப் பதிலாக வைப்பது முழுமையோடு இசைய வேண்டும், அதே சமயம் அசலிலிருந்து பிரித்தறியக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அதன் வழியில்தான் பழைய வாகனங்களுக்கான சர்வதேச சம்மேளனமும் பின்னாளில் டூரின் சாசனத்தை வகுத்தது. ஆனால் கட்டடத்தில் பிரித்தறியச் சுவர் வெளியே தெரிகிறது. ஸீட்டின் உள்ளே பிரித்தறிய, முதலில் அதைப் பிரிக்க வேண்டும்.

நார் வைக்கிறவன் உயர்ந்தவன், நுரை வைக்கிறவன் தாழ்ந்தவன் என்று நான் சொல்ல வரவில்லை. பெட்டியில் கிடந்த அசல் நாரை வைத்துவிட்டு, எதுவும் மாற்றப்படவில்லை என்று விற்கிறவனும் இருக்கிறான். நுரையை வைத்து, அதன்மேல் இன்ன வருஷம் மாற்றியது என்று மசியால் எழுதிவிட்டு உறையை இழுத்துத் தைக்கிறவனும் இருக்கலாம். இரண்டாவது வண்டியில் ஏற எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்த வாசனை மட்டும் இராது.