ஆறென்னும் எண்ணின் நிறைவு

எண்களுள் 6 என்பது ஒரு தனித்தன்மை யுடையது. தன்னை யொழித்து அதனை எச்சமின்றி வகுப்பன 1, 2, 3 என்னும் மூன்றே; அவற்றைக் கூட்டின் 6 தானே மீள வரும். 8-இன் வகுப்பெண்களைக் கூட்டின் 7 ஆகி ஒன்று குறையும். 12-இன் வகுப்பெண்களைக் கூட்டின் 16 ஆகி நான்கு மிகும். இங்ஙனம் குறைதலும் மிகுதலு மின்றி நிற்பதனைக் கிரேக்கர் நிறைவெண் என்றனர். 6, 28, 496, 8128 என்னும் நான்கு நிறைவெண்கள் அவர்க்குத் தெரிந்திருந்தன.

இறைவன் ஆறு நாளில் உலகைப் படைத்து முடித்தான் என்பது விவிலியத்தின் கூற்று. அதுபற்றி ஒரு வினா எழுந்தது. ஆறு நாளிற் படைத்தமையால் 6 நிறைவுடைய தாயிற்றோ, அன்றி 6 நிறைவுடைய தாதலின் ஆறு நாளிற் படைத்தனனோ? வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரத்து ஆயராயிருந்த அகஸ்தீன் (354–430) பின்னதனையே கொண்டார். படைப்பு நிகழாதிருப்பினும் 6 நிறைவெண்ணே யாம் என்பது அவர் துணிபு.

இதற்கு நேர்மாறாக டெகார்ட்டு என்னும் பிரெஞ்சு அறிஞர், 1630-இல் மெர்சென் என்பார்க்கு வரைந்த கடிதங்களில், அரசன் தன் நாட்டிற்குச் சட்டம் வகுத்தாற்போலக் கணித உண்மைகளையும் இறைவனே வகுத்தான் என்றார். அவை அவன் விருப்பிற்கு முன்னரே நிற்பன வென்னின் அவனது முற்றாற்றலுக்குக் குறை நேரு மென்பது அவர் அச்சம். அச்சம் பழிக்கத் தக்கதன்று. ஆயினும் உவமை பொருந்துமாறில்லை. என்னை? அரசன் வகுத்த சட்டம் வேறாக இருந்திருத்தல் கூடுமென்று எவரும் எண்ணலாம். 1, 2, 3 கூடி 6 ஆகாமையோ எண்ணத்திற்கே அகப்படாது; அகப்படாத தொன்றனைச் செய்யாமை ஆற்றற் குறைவாதல் யாங்ஙனம்? அன்றியும், எண்களின் மெய்ம்மை இறைவன் அறிவிற்குப் புறம்பாக நிற்பதென அகஸ்தீன் கூறினாரல்லர். அவ்வறிவினுள்ளேயே அதனை வைத்தார்.

அற்றேல் அகஸ்தீன் கூற்று முழுவதும் கொள்ளத்தக்கதோ எனின், அன்று. 6 தன்னியல்பில் நிறைவெண் என்பது ஒன்று. அதுபற்றியே படைப்பு ஆறு நாளாயிற் றென்பது மற்றொன்று. முன்னதிலிருந்து பின்னது பெறப்படாது. இரண்டனையும் பிணைப்பது நிறைவு என்னும் சொல்லே. கிரேக்கர் அதற்குச் சமவெண் என்று பெயரிட்டிருப்பின் இவ்வினாவே எழுந்திராது போலும்!

சொல்லின் மயக்கம் கணிதரையும் விட்டதில்லை. கி.பி. 100-ஐ அடுத்து வாழ்ந்த நிக்கோமாக்கசு, மிகையெண்ணைப் பல கையுடைய விலங்கிற்கும் குறையெண்ணை ஒற்றைக் கண்ணுடையதற்கும் ஒப்பிட்டு, நிறைவெண்ணை நடுநிலை யறத்தோடு வைத்துப் போற்றினார். அறம் அரிதாதல்போல நிறைவெண்ணும் அரிதென்றார். அவ்வளவில் அமையாது, ஓரிலக்கம், ஈரிலக்கம், மூவிலக்கம் என ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்றே உண்டெனவும், ஈற்றில் 6, 8 என்பன மாறிமாறி வருமெனவும் விதித்துவிட்டார். நான்கனைக் கண்டு விதித்த விதி அது. ஐந்தாம் நிறைவெண் 33550336, எட்டிலக்க முடையது. ஆறாவதாகிய 8589869056-உம் அதனைப் போன்றே 6-இல் முடிகின்றது.

யூக்ளிட் தம் நூலின் ஒன்பதாம் பகுதியிற் காட்டிய நெறி அத்தகையதன்று. 1, 2, 4 என இரட்டித்துச் செல்லும் எண்களின் கூட்டுத்தொகை பகாவெண்ணாயின், அதனை இறுதியெண்ணாற் பெருக்க நிறைவெண் வரும்: 1, 2, 4 கூட 7, அதனை 4-ஆற் பெருக்க 28. இரட்டைப்படை நிறைவெண் யாவும் இந்நெறிப்பட்டனவே யென்று 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் நிறுவினார். 2024-இல் கண்டறியப்பட்டதனோடு சேர்த்து, தெரிந்த நிறைவெண்கள் 52. அவற்றுள் ஒன்றேனும் ஒற்றைப்படை யன்று. அத்தகையதொன்று இருத்தல் இயலாதென்று நிறுவினாரும் இதுகாறும் இலர்.