அளந்து சொல், நிமிர்ந்து சொல்

தாராவி 90 அடி ரோட்டில் ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டு போகும் தம்பி, உன்னிடம்தான் பேசுகிறேன். கேமரா மாட்டவும் நெட் லைன் இழுக்கவும் மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் போகிறாய். வேலை உனக்குத் தண்ணிபட்ட பாடு. ஆனால் சொசைட்டி செக்ரட்டரி "லைன் சரியில்லையே" என்று குரலை உயர்த்தியதும் உன் குரல் ஏன் இறங்குகிறது? "கனெக்டரை மாத்திப் பார்க்கிறேன் சார்" என்று ஏன் குழைகிறாய்? உனக்குத் திறமை போதாது என்றா நினைக்கிறாய்? போதும், தேவைக்கு மேலேயே இருக்கிறது. உன் கையில் எண் இல்லை, அவ்வளவுதான்!

"கேபிள் 42 மீட்டரில் அறுந்திருக்கிறது, மூன்றாம் மாடி டக்டைத் திறக்கச் சொல்லுங்கள்" என்று ஒரே ஒருமுறை சொல்லிப் பார். செக்ரட்டரி சாவியைத் தேடுவார். தாராவிப் பையன் என்று பார்த்தவர், உன் ஸ்கிரீனை எட்டிப் பார்ப்பார்.

கண்ணை நம்பிய காலம் போய்விட்டது. மும்பையில் கேபிள் டி.வி. டிஜிட்டலுக்கு மாறக் கடைசிக் கெடு 2012 அக்டோபர் 31. அதுவரை சிக்னல் குறைந்தால் திரையில் புள்ளி விழும். அந்தப் புள்ளியைப் பார்த்தே ஆம்ப்ளிஃபயரைத் திருகிப் பிழைத்தார்கள் பழைய கேபிள்காரர்கள். டிஜிட்டலில் அந்த எச்சரிக்கை கிடையாது. விளிம்பு வரைக்கும் படம் பளிச்சென்று இருக்கும். அதற்குப் பிறகு ஒன்றிரண்டு டெசிபல் சரிந்தால் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். மே மாதம் ஜம்மென்று ஓடிய லைன் ஜூலை மழையில் படுப்பது பெரும்பாலும் இதனால்தான். எஃப் கனெக்டருக்குள் ஈரம் இறங்குகிறது, ஏற்கெனவே விளிம்பில் நின்ற சிக்னல் விழுந்துவிடுகிறது. அது விளிம்பில் நின்றதை மே மாதமே உனக்குச் சொல்லியிருக்கக்கூடியது மீட்டர் மட்டும்தான். அதனால் கோஆக்சியல் வேலைக்கு வாங்கும் மீட்டர் சிக்னல் அளவோடு அதன் தரத்தைச் சொல்லும் எம்.இ.ஆரையும் காட்ட வேண்டும். அளவு நிறைய இருந்து தரம் கெட்டுக் கிடக்கும் லைன்கள் ஏராளம்.

"டெசிபல், லாகரிதம் எல்லாம் நமக்கு எங்கே அண்ணா?" என்காதே! இரண்டு வழி ஸ்பிளிட்டர் ஏறக்குறைய மூன்றரை டெசிபல் தின்னும், 3 டெசிபல் போனால் பாதி சக்தி போச்சு. கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். படிப்பு போதவில்லை என்று வருந்துகிறாயா? ஆலிவர் ஹெவிசைடைத் தெரிந்துகொள். லண்டனில் வறுமையில் பிறந்தவர். சிறுவயதுக் காய்ச்சலில் காது மந்தமானது. 16 வயதில் பள்ளி முடிந்தது, பிறகு தந்தி ஆபரேட்டர் வேலை. 1873இல், 22 வயதில், மின்தடையை அளக்கும் வீட்ஸ்டன் பாலத்தை எப்படி அமைத்தால் அளவு துல்லியமாக வரும் என்று ஒரு கட்டுரை எழுதினார். அதாவது டெஸ்ட் கருவியைப் பற்றி! இயற்பியல் மேதை மாக்ஸ்வெல்லே அதைக் கவனித்தார். 1880இல் கோஆக்சியல் கேபிளுக்குக் காப்புரிமை வாங்கியவரும் இவரேதான். நீ சுருட்டித் தூக்கிப்போகும் ஆர்.ஜி-6 அவர் போட்ட பாதையில் வந்தது. கல்லூரி வாசலை மிதிக்காத ஒரு தந்தி ஆபரேட்டர் செய்த வேலை இது. நீ என்ன குறைந்தவன்?

இனி நெட்வொர்க் கேபிள். எட்டுப் பச்சை விளக்கு வரிசையாக எரியும் சில நூறு ரூபாய் டெஸ்டர் உன் பையில் இருக்கும். விளக்கு எரிந்ததும் "சல்தா ஹை" என்று கிளம்பிவிடுகிறாய். அந்த விளக்கு உன்னை ஏமாற்றும்! நான்கு ஜோடியையும் 1-2, 3-4, 5-6, 7-8 என்று வரிசையாக இரு முனையிலும் கிரிம்ப் செய்து பார். எட்டு விளக்கும் எரியும். ஆனால் 3-ம் 6-ம் ஒரே ஜோடியாக முறுக்கியிருக்க வேண்டியவை. அவை பிரிந்துவிட்டதால் ஒரு ஜோடியின் சிக்னல் இன்னொன்றில் கசியும், நெட் தவழும். பழியை ரவுட்டர் மேல் போட்டுவிட்டு வருவாய். இதற்குப் பெயர் ஸ்பிளிட் பேர். தையல் மெஷின்கள் இரவு பகலாக ஓடும் தாராவியில் இன்ச் டேப் இல்லாமல் எந்த மாஸ்டராவது துணியில் கத்தரி வைப்பாரா? நீ மட்டும் ஏன் வைக்கிறாய்?

உனக்கு வேண்டியது சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும் நடுத்தரக் கருவி. ஸ்பிளிட் பேரைப் பிடிக்க வேண்டும், நீளம் சொல்ல வேண்டும், அறுந்த இடத்தின் தூரம் காட்ட வேண்டும். துடிப்பு ஒன்றை அனுப்பி அதன் எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்து அது தூரத்தைக் கணக்கிடுகிறது. நெட்வொர்க் கேபிளில் அந்தத் துடிப்பு ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய 69 சதவீதத்தில் ஓடும். ஃபோம் ஆர்.ஜி-6இல் 80ஐத் தாண்டும். இந்தச் சதவீதத்தை, அதாவது என்.வி.பி. அளவை, மாற்ற வழியில்லாத கருவியைத் தொடாதே. இல்லாவிட்டால் 42 மீட்டர் என்று சொல்லித் தவறான மாடியில் சுவரை உடைப்பாய்.

மித்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம் பி.கே.சி. கண்ணாடிக் கட்டடங்களில் சர்டிஃபிகேஷன் ரிப்போர்ட் கேட்பார்கள். அதற்கான கருவி பல லட்சம். வட்டிக்குக் கடன் வாங்கி அதை வாங்கத் துணியாதே, அது வீரமல்ல. வேலை கிடைத்த அன்று வாடகைக்கு எடு. காலிபரேஷன் தேதியைப் பார்த்து எடு. ரிப்போர்ட்டில் ஆபரேட்டர் என்ற இடத்தில் உன் பெயரைத் தட்டு.

இந்த வாரமே மாஹிமில் ஸ்லோ லோக்கல் ஏறு, கிராண்ட் ரோட்டில் இறங்கு. கருவி விற்கும் லாமிங்டன் ரோட்டுக்கு வெறுங்கையோடு போகாதே. நீயே வேண்டுமென்று ஸ்பிளிட் பேராகக் கிரிம்ப் செய்த பத்து மீட்டர் கேபிளைப் பையில் வைத்துக்கொள். கடைக்காரர் பெட்டியைத் திறந்து வாய்ப்பந்தல் போடட்டும், பொறுமையாகக் கேள். பிறகு உன் கேபிளை நீட்டி, "இதைச் செருகிக் காட்டுங்க சேட்" என்று சொல். கருவி தப்பைப் பிடித்தால் விலையைப் பேசு. எல்லாம் சரி என்று காட்டினால் கேபிளைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த கடைக்கு நட.