அங்காடியில் பிறந்த அறம்

வாணிபமும் மனநிறைவும் ஒன்றோடொன்று பொருந்துமா என்னும் வினா மிகப் பழமையானது. 'இன்னும் வேண்டும்' என்னும் வேட்கையால் இயங்குவது வாணிபம். 'இது போதும்' என்னும் அமைதியால் விளைவது மனநிறைவு. விற்பனையைத் தொழிலாகக் கொண்டவர் இம்மாத இலக்கை எட்டினால் அடுத்த மாத இலக்கு உயர்கிறது. எட்டாவிடில் வருவாய் குறைகிறது. அத்தகையவரை நோக்கி, 'உள்ளதைக் கொண்டு நிறைவு கொள்க' என்று கூறினால், தொழிலைக் கைவிடுக என்று கூறுவதாகவே அது அவர் செவியில் விழும். நன்றியறிதலின் நிலையும் ஏறத்தாழ இதுவே. கடையில் நிற்பவர் ஒரு நாளில் நூறு முறை 'நன்றி' என்கிறார். இரசீதின் அடியிலும் அச்சொல் அச்சாகியிருக்கிறது. பலர் கைபட்ட நாணயம் தேய்வது போல அச்சொல்லும் தேய்ந்து விடுகிறது.

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. தேக்கா சந்தை தொடங்கிச் சீனிவாசப் பெருமாள் கோயில் வரையிலும் அச்சாலையிலும் அதன் கிளைத் தெருக்களிலும் பூமாலை தொடுப்போர், காய்கறி விற்போர், மளிகைக் கடையினர், புடவைக் கடைச் சிப்பந்திகள், நகைக் கடை விற்பனையாளர் என விற்பனையால் வாழ்வோர் நிறைந்துள்ளனர். அவர்களுள் பலர் பிறருடைய கடையில் நின்று பிறருடைய பொருளை விற்பவர். அவர்கள் நிறைவோடும் நன்றியோடும் தம் தொழிலைச் செய்ய இயலுமா? அங்ஙனம் செய்தால் தொழில் மேம்படுமா, கெடுமா? கிரேக்க நாட்டில் தோன்றிய ஸ்டோயிக் தத்துவம் இதற்கு ஒரு விடை தருகிறது. அவ்விடையைத் திருக்குறளோடு ஒப்பிட்டு நோக்குங்கால் அது மேலும் தெளிவு பெறுகிறது.

கடலில் மூழ்கிய சரக்கு

ஸ்டோயிக் தத்துவத்தைத் தோற்றுவித்த ஸீனோ ஒரு வணிகர். சைப்பிரஸ் தீவின் கிட்டியம் நகரத்தவர். கடல் நத்தையிலிருந்து எடுக்கப்பட்ட ஊதாச் சாயம் அக்காலத்தில் விலை மிக்க சரக்கு. அச்சரக்கோடு அவர் சென்ற கப்பல் ஏதென்சு நகரின் துறைமுகத்துக்கு அருகே உடைந்தது என்று பழைய வரலாறு கூறும். அனைத்தையும் இழந்து நகருக்குள் நடந்தவர் ஒரு புத்தகக் கடையில் அமர்ந்தார். கடைக்காரர் சாக்ரடீசைப் பற்றிய நூலொன்றைப் படித்துக் கொண்டிருந்தார். இத்தகைய மனிதரை எங்கே காணலாம் என்று ஸீனோ வினவ, அவ்வழியே சென்ற கிரேட்டஸ் என்னும் ஞானியைக் கடைக்காரர் சுட்டிக் காட்டினாராம். பிற்காலத்தில், கப்பல் உடைந்த அப்பயணத்தையே தம் வாழ்வின் நற்பயணமாக ஸீனோ கருதினார் என்பர்.

கி.மு. 300 அளவில் அவர் போதிக்கத் தொடங்கிய இடம், ஏதென்சுச் சந்தை வெளியை ஒட்டி நின்ற, ஓவியங்கள் தீட்டப்பட்ட தூண் மண்டபமாகும். அத்தகைய மண்டபத்துக்கு 'ஸ்டோவா' என்பது கிரேக்கப் பெயர். தத்துவத்தின் பெயரும் அதிலிருந்தே வந்தது. சிங்கப்பூர்த் தமிழருக்கு இக்காட்சி அயலானதன்று. கடைகளின் முன் கூரையோடு கூடிய நடைபாதை தொடர்ந்து அமைய வேண்டும் என்று 1822-இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டம் விதித்தது. அதன் வழிவந்த ஐந்தடிப் பாதைகளில்தான் சிராங்கூன் வட்டாரத்தின் வாணிபம் பெரிதும் வளர்ந்தது. காட்டிலும் குகையிலும் பிறவாது, விலை பேசும் ஒலி கேட்கும் தூரத்தில் பிறந்த தத்துவம் இது. ஆதலின், விற்பவரின் இடர் இன்னதென அது அறியும்.

வில்லாளியும் விற்பனையாளரும்

தம் கையில் உள்ளவை, தம் கையில் இல்லாதவை என்று அனைத்தையும் இரண்டாகப் பிரித்தறிவதே ஸ்டோயிக் பயிற்சியின் முதற்படி. அடிமையாக வாழ்ந்து பின்னர் விடுதலை பெற்று ஆசிரியரான எபிக்டெட்டஸ் தம் மாணாக்கருக்கு இதனையே முதன்மையாகக் கற்பித்தார். எண்ணமும் முயற்சியும் நடத்தையும் ஒருவர் கையில் உள்ளவை. செல்வமும் பிறர் மதிப்பும் உடல்நலமும் முழுமையாக அவர் கையில் உள்ளவை அல்ல.

இதனை விளக்க அவர்கள் வில்லாளியை உவமையாகக் காட்டுவர். குறி பார்ப்பதும், நாணை இழுப்பதும், அம்பை விடுவதும் வில்லாளியின் செயல்கள். விடுத்தபின் காற்று வீசலாம். இலக்கே இடம் பெயரலாம். செம்மையாக எய்ததோடு வில்லாளியின் கடமை நிறைவுறுகிறது. விற்பனையாளர் நிலையும் இஃதே. பொருளை நன்கறிதல், வந்தவரை முகமலர்ந்து வரவேற்றல், அவர் தேவையைப் பொறுமையோடு கேட்டல், உண்மையான விலையைக் கூறல் ஆகியவை அவர் கையில் உள்ளன. வாங்குதலும் வாங்காமற் போதலும் வந்தவரின் உரிமை. இருபது புடவைகளை விரித்துக் காட்டியபின் ஒன்றும் வாங்காது எழுந்து செல்பவரால் விற்பனையாளருக்கு வருவாய் இல்லை; ஆயினும் அவர் தம் பணியில் தோற்றவர் ஆகார்.

2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை, கொவிட் பெருந்தொற்றை முன்னிட்டுச் சிங்கப்பூரில் இன்றியமையாச் சேவைகள் தவிர ஏனைய பணியிடங்கள் மூடப்பட்டன. உணவுப் பொருள் விற்கும் கடைகள் திறந்திருந்தன. துணிக் கடைகள் அடைபட்டன. தமிழ்ப் புத்தாண்டு அந்த 56 நாட்களுக்குள் வந்து சென்றது. அடைபட்ட கடையின் விற்பனையாளர் திறமையில் குறைந்தவர் அல்லர். திறந்திருந்த கடையின் விற்பனையாளர் திறமையில் மிகுந்தவரும் அல்லர். விற்ற தொகையைக் கொண்டே தம் மதிப்பை அளப்பவர் இத்தகைய காலத்தில் தம்மையே இழப்பார். நீரின் வழியே செல்லும் புணையை உவமை காட்டிய கணியன் பூங்குன்றனாரின் தெளிவும் இதற்கு அணித்தானதே.

மனநிறைவு என்பது முயற்சியைக் குறைத்தல் அன்று என்பது இதனால் பெறப்படும். வில்லாளி நாணைத் தளர விடுவதில்லை. பலனைப் பற்றிய பதற்றத்தை மட்டுமே அவர் விடுகிறார்.

நன்றியின் ஏடு

உரோமைப் பேரரசராகக் கி.பி. 161 முதல் 180 வரை ஆண்ட மார்க்கஸ் அரேலியஸ், தமக்கென எழுதி வைத்த குறிப்புகள் 12 பகுதிகளைக் கொண்டவை. அவற்றுள் முதற்பகுதி முழுவதும் நன்றியுரையே. பாட்டனார், தாய், ஆசிரியர்கள், நண்பர் என ஒவ்வொருவரிடமிருந்தும் தாம் பெற்றது யாது என்று அவர் நிரல்படக் குறிக்கிறார். எபிக்டெட்டஸின் உரைகளைத் தமக்குப் படிக்கக் கொடுத்த ஓர் ஆசிரியரும் அப்பட்டியலில் இடம்பெறுகிறார். ஓர் அடிமையின் சொற்களைக் கொண்டு வந்து தந்தமைக்காகப் பேரரசர் நன்றி பாராட்டுகிறார் என்பது ஆசிரியரும் மாணவரும் எண்ணி மகிழத் தக்கது.

செனெக்கா, நன்மை செய்தலையும் பெறுதலையும் பற்றி ஏழு பகுதிகள் கொண்ட நூலே எழுதினார். கொடுத்தவர் விரைவில் மறக்க வேண்டும், பெற்றவர் என்றும் மறக்கலாகாது என்பது அவர் கருத்து. கடனுக்கும் உதவிக்கும் உள்ள வேறுபாட்டை அவர் வலியுறுத்துகிறார். சிங்கப்பூரின் பழைய மளிகைக் கடைகளில், 555 என்னும் எண் பொறித்த சிறு குறிப்பேட்டில் வாடிக்கையாளரின் பற்றை எழுதி வைக்கும் வழக்கம் இருந்தது. சம்பள நாளில் பணம் வந்ததும் அக்கணக்குத் தீர்ந்துவிடும். ஆனால் கையில் காசில்லாத மாதத்தில் அரிசியும் பருப்பும் தந்த நம்பிக்கை இருக்கிறதே, அதனை எந்தத் தொகையைக் கொண்டு அடித்தெழுத இயலும்? அவ்வாறே, அடுத்த தெருவில் மலிவாகக் கிடைத்தும் பழைய கடையையே நாடி வந்த வாடிக்கையாளருக்குக் கடைக்காரர் பட்ட கடனும் ஏட்டில் ஏறாதது. அங்ஙனம் ஏட்டில் ஏறாதவற்றை நினைவில் ஏற்றுவதே நன்றியறிதல்.

சிராங்கூன் சாலையில் இதற்குக் கண்கூடான சான்று உண்டு. 1905-இல் சிங்கப்பூர் வந்த பொ. கோவிந்தசாமி பிள்ளை அச்சாலையில் ஒரு மளிகைக் கடையில் பணியாளராகத் தம் வாழ்வைத் தொடங்கினார். பின்னர் அச்சாலையிலேயே கடைகளின் உரிமையாளராக உயர்ந்தார். 1980-இல் அவர் மறைவதற்கு முந்தைய பதின்ம ஆண்டில், பெருமாள் கோயிலின் இராஜகோபுரம் அவர் பொருளுதவியால் எழுந்தது. கோயில் வளாகத்தில் உள்ள திருமண மண்டபமும் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. எந்தச் சாலையில் ஈட்டினாரோ அந்தச் சாலைக்கே ஒரு பகுதியைத் திருப்பித் தந்தார் என்பது அவர் வாழ்வு காட்டும் பாடம்.

நன்றியும் நடுவுநிலைமையும்

ஆயினும் நன்றிக்கும் ஓர் எல்லை வேண்டும். ஊரிலிருந்து அழைத்து வந்து, உணவும் உறையுளும் வேலையும் தந்த முதலாளியிடம் பணியாளர் நன்றியோடு இருத்தல் இயல்பு, அறமும் ஆகும். அம்முதலாளி எடையைச் சற்றே குறைத்து நிறுக்கச் சொன்னால் பணியாளர் செய்யத்தக்கது யாது? நன்றி என்னும் நற்பண்பே இங்கு அவரைத் தீமைக்கு இழுத்துச் செல்லும் கயிறு ஆகின்றது.

இவ்விடரை வள்ளுவர் நன்குணர்ந்தவர் போலும். செய்ந்நன்றி அறிதல் திருக்குறளின் 11-ஆம் அதிகாரம். அதனை அடுத்த 12-ஆம் அதிகாரம் நடுவுநிலைமை. உதவி செய்தவரிடத்து நடுவுநிலைமை பிறழ நேரும், அவ்விடத்தும் பிறழலாகாது என்பதற்காகவே இவ்வாறு வைக்கப்பட்டது எனப் பரிமேலழகர் முறைமை கூறுகிறார். துலாக்கோலை உவமையாகக் காட்டுவதும் அவ்வதிகாரமே. பிறர் பொருளையும் தம் பொருள் போலக் கருதிச் செய்வதே வணிகருக்கு வாணிபமாகும் என்னும் கருத்தோடு நிறைவுறுவதும் அவ்வதிகாரமே. கொள்வது மிகாமலும் கொடுப்பது குறையாமலும் வாணிபம் செய்த காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை போற்றுவதும் ஈண்டு நினைக்கத் தக்கது. முதலாளிக்கு நன்றியைக் காட்டும் வழி உழைப்பே. வாடிக்கையாளரின் பொருளை எடுத்து அக்கடனைத் தீர்க்க எவருக்கும் உரிமை இல்லை.

ரோட்ஸ் தீவின் தானியம்

ஸ்டோயிக் அறிஞர் தமக்குள் வாதிட்ட ஒரு வழக்கை உரோமை அறிஞர் சிசரோ கி.மு. 44-இல் எழுதிய நூலில் காட்டுகிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். தானியம் கடும் விலை. நல்லவரான ஒரு வணிகர் அலெக்சாந்திரியாவிலிருந்து தானியக் கப்பலோடு முதலில் வந்து சேர்கிறார். மேலும் பல கப்பல்கள் பின்னே வருகின்றன என்பது அவருக்குத் தெரியும்; தீவினருக்குத் தெரியாது. அவர் அதனைக் கூற வேண்டுமா? சட்டம் விதித்த அளவு கூறிப் பொய் சொல்லாது விற்றால் போதும் என்றார் பாபிலோனிய டயோஜினீஸ். விற்பவர் அறிந்ததை வாங்குபவரும் அறிய வேண்டும், மனித குலம் ஒரே சமுதாயம் என்றார் அவர் மாணாக்கர் ஆன்டிபேட்டர். சிசரோ மாணாக்கரின் பக்கம் நின்றார்.

இவ்வழக்கு நாள்தோறும் சிறு உருவில் நிகழ்கிறது. மகளின் திருமணத்துக்குச் சங்கிலி வாங்க ஒரு தந்தை நகைக் கடைக்கு வருகிறார். அவர் கையிலுள்ள பணத்துக்கு எளிய வேலைப்பாடுடைய சங்கிலியே ஏற்றது. செய்கூலி மிகுந்த சங்கிலியை விற்றால் விற்பனையாளருக்குக் கமிஷன் கூடும். அவர் பொய் சொல்ல வேண்டியதில்லை, வாளாவிருந்தால் போதும். இந்நிலையில் அவரை வாய் திறக்கச் செய்வது எது? இந்த ஒரு விற்பனை இல்லாவிடினும் தம் வாழ்வு சிதையாது என்னும் மனநிறைவே. நிறைவு இல்லாதவருக்கு ஒவ்வொரு வாடிக்கையாளரும் நழுவவிடக் கூடாத இரையாகத் தோன்றுவார். நிறைவு உடையவருக்கு அவர் துணை நாடி வந்த மனிதராகத் தோன்றுவார். மனநிறைவு வாணிபத்துக்குப் பகை என்று கருதுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நேர்மையான வாணிபத்துக்கு அதுவே அடித்தளம். ஒருமுறை உண்மை கூறியவரிடம் அத்தந்தை மீண்டும் வரக்கூடும், வராமலும் போகலாம். அது விற்பனையாளர் கையில் இல்லை.

ஒரு மறுப்பும் விடையும்

குறைந்த ஊதியம் பெறும் கடைச் சிப்பந்தியிடம் 'நிறைவு கொள்க, நன்றி கொள்க' என்று போதிப்பது முதலாளியின் நலனுக்கன்றோ பயன்படும் என்று ஒருவர் கேட்கலாம். வினா நேர்மையானது. நிறைவு ஒருவர் தமக்குத்தாமே விதித்துக் கொள்ளும் பயிற்சி. பிறர் மீது சுமத்தும் கட்டளை அன்று. நீதி என்பது ஸ்டோயிக்கர் போற்றிய நான்கு தலையாய பண்புகளுள் ஒன்று. ஆதலின் உரிய ஊதியத்தைக் கேட்பது மனநிறைவுக்கு முரணாகாது. கொடுக்க வேண்டியதைக் கொடாது பணியாளருக்கு மனநிறைவைப் போதிப்பதே அறத்துக்கு முரணாகும். பேரரசர் மார்க்கஸ் தம் குறிப்புகளில் அறிவுரை கூறியது தமக்கே என்பதை இங்கு மறவாதிருத்தல் நலம்.

அன்றாடப் பயிற்சி

அறம் என்பது நாள்தோறும் பழகுவது. செனெக்கா ஒவ்வோர் இரவும் விளக்கு அகன்றபின் அன்றைய தம் சொல்லையும் செயலையும் தாமே விசாரணை செய்தார். கடை அடைக்கும் வேளையில் கல்லாப் பெட்டிப் பணத்தை எண்ணாத வணிகர் இல்லை. அப்பணத்தை எண்ணி முடித்தபின் மேலும் மூன்று வினாக்களை எழுப்பிக் கொள்வது எவருக்கும் அரிதன்று. இன்று என் கையில் இருந்ததைச் செம்மையாகச் செய்தேனா? எவரிடமிருந்து எதனைப் பெற்றேன்? கூற வேண்டிய எதனையாவது மறைத்தேனா?

இன்றைய மாணவருள் பலர் நாளை விற்பனைத் துறைக்குச் செல்வர். சிலர் பள்ளி விடுமுறையிலேயே கடைகளில் பணி செய்கின்றனர். செய்ந்நன்றி அறிதலையும் நடுவுநிலைமையையும் தேர்வுக்காக மனனம் செய்யும் அவர்களுக்கு, இவ்விரு அதிகாரங்களும் கடையின் துலாக்கோலுக்கு அருகே நின்று கடைப்பிடிக்க வேண்டியவை என்று உணர்த்துதல் ஆசிரியரின் கடமை. அவ்வுணர்வு பெற்ற மாணவர், இலக்கை எட்டிய மாதத்திலும் எட்டாத மாதத்திலும் ஒரே நிமிர்வோடு வீடு திரும்புவர்.