சொல்லாத குறை

பொய் சொல்லக் கூடாது என்பதில் நமக்குள் தகராறு இல்லை. கேட்காததையும் சொல்லத்தான் வேண்டுமா என்பதில்தான் தகராறு.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. அடையாறு கரை மீறி, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் புகுந்தது. வாசலில் நின்ற வண்டிகள் மூழ்கின. வெள்ளம் வடிந்த பிறகு அவற்றில் சில, கழுவித் துடைக்கப்பட்டு, ஒரு வார்த்தையும் சொல்லப்படாமல் கைமாறின.

அப்படி ஒரு மோட்டார் சைக்கிளை அடுத்த தை மாதம் எங்கள் தெருப் பையன் ஒருவன் வாங்கினான். கூரியர் கம்பெனியில் வேலை. வண்டி இல்லாவிட்டால் சோறு இல்லை. மூன்று வாரம் ஓடிய வண்டி ஒரு நாள் இறுகி நின்றுவிட்டது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனோம். பையன் அங்கேயும் கிக்கரை ஓங்கி உதைத்தான்.

"ஒதைக்காதே தம்பி!" என்று தடுத்தார் மெக்கானிக்.

காரணம் இருக்கிறது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பலவந்தமாகச் சுழற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கழிமுகத்தில் சவாரி விடும் வாட்டர் ஸ்கூட்டருக்கும் இதே விதிதான். உப்புத் தண்ணீர் என்றால் துரு இன்னும் சீக்கிரம் ஏறும். முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றவேண்டும். துவாரத்தில் எண்ணெய் விட்டு ஊறவைக்கவேண்டும். பிறகு மெல்ல அசைத்துப் பார்க்கவேண்டும்.

அவர் அடிப் போல்ட்டைத் திறந்தார். ஆயில், பால் விட்ட காப்பி நிறத்தில் வழிந்தது.

"வெள்ளத்துல நின்ன வண்டி இது. தண்ணி வடிஞ்ச அன்னிக்கே ஆயிலை மாத்தியிருந்தா பொழைச்சிருக்கும். சொல்லாம வித்துட்டான்."

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணே, பத்து நாள் ஓடற மாதிரி செஞ்சு குடுங்க. நானும் வித்துடறேன். எங்கிட்ட யாரும் சொல்லலியே, நான் மட்டும் ஏன் சொல்லணும்?" என்றான்.

இந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஏமாற்றியவன் சௌக்கியமாக இருக்க, யோக்கியதைக்கான அபராதத்தை ஏமாந்தவனே கட்டவேண்டும் என்பது என்ன நியாயம்?

சட்டம் அவன் பக்கம் சாய்வது போலத் தோன்றும். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் ஒரு குதிரை வருகிறது. குறையுள்ள குதிரை என்று தெரிந்தே ஏலத்தில் விற்பவன், வாயைத் திறக்காமல் இருந்தால் அது மோசடியாகாது. ஆனால் வாங்குகிறவள் அவனுடைய மகளாக, அப்போதுதான் மேஜரானவளாக இருந்தால், அவன் சொல்லியாகவேண்டும்.

யோசித்துப் பாருங்கள். குதிரை அதேதான், மௌனமும் அதேதான். எதிரே நிற்பது மகள் என்றால் குற்றம், அந்நியன் என்றால் சாமர்த்தியம்! சட்டம் எங்காவது ஒரு கோடு போட்டுத்தான் ஆகவேண்டும். அதற்காக அதை நான் பழிக்கவில்லை. நம் மனச்சாட்சியும் அதே கோட்டில் நின்றுவிட வேண்டுமா என்றுதான் கேட்கிறேன். அந்த டிசம்பரில் சென்னைத் தெருக்களுக்குள் படகு கொண்டுவந்த மீனவர்கள், யார் வீட்டு மகள் என்று விசாரித்துவிட்டா படகில் ஏற்றினார்கள்?

பையனுக்கு நேர்ந்தது அநியாயம். ஆனால் அந்த அநியாயத்துக்கு ஒரு விலாசம் உண்டு. அது விற்றவனுடைய விலாசம். அடுத்து வாங்க வருகிறவன் அங்கே குடியிருக்கவில்லை. அவனும் ஒரு கூரியர் பையனாகவே இருக்கலாம். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகளுக்கு நடுவே வேகமாகப் போகையில் எஞ்சின் இறுகினால், பின்சக்கரமும் சேர்ந்து நின்றுவிடும். அப்போது பேச்சு பணத்தைப் பற்றியதாக இராது.

மெக்கானிக் அந்தப் பத்து நாள் வேலையைச் செய்ய மறுத்துவிட்டார். வண்டி புதுப்பேட்டைக்கு உதிரி விலைக்குப் போயிற்று. பையனுக்கு நஷ்டம் நஷ்டந்தான். தர்மம் அதை ஈடுகட்டிற்று என்று நான் கதை சொல்லப் போவதில்லை.

ஆனால் ஒன்று. எஞ்சினுக்குள் புகுந்த தண்ணீரை அன்றே வெளியேற்றியிருந்தால் செலவு ஒரு டப்பா ஆயில்தான். மறைத்து வைத்த ஒவ்வொரு நாளும் அந்தச் செலவு வளர்ந்தது; வளர்ந்த செலவு அடுத்தவன் தலையில் விழுந்தது. அதை மேலும் வளர்த்து இன்னொருவன் தலையில் கட்டாமல், யாராவது ஒருவர் தம்மோடு நிறுத்திக்கொள்ளத்தான் வேண்டும். அதைச் செய்கிறவனை உலகம் ஏமாளி என்று சொல்லும். சொல்லிவிட்டு, தான் ஒரு வண்டி வாங்கப் போகும்போது அப்படிப்பட்ட ஏமாளியைத்தான் தேடும்.